எண்ணத் தெரியாத இயந்திரம்

மே மாதத்தின் முதல் வாரம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு பண்ணை முற்றம். வேலியோர நிழலில் இன்னும் அங்கங்கே அழுக்குப் பனி கிடக்கிறது. முற்றத்தின் நடுவே ஒரு விதைப்பு இயந்திரம் நிற்கிறது. விரித்தால் 18 மீட்டர் அகலம். நம் ஊர்த் தெருவில் கொண்டுவந்து விரித்தால் இரண்டு பக்கத்துத் திண்ணைகளும் போய்விடும். இழுப்பதற்கு 500 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர். அதற்குள்ளே குளிர்சாதன வசதி, இரண்டு மூன்று திரைகள், செயற்கைக்கோளின் உதவியால் தானாகவே நேர்கோட்டில் போகும் ஏற்பாடு.

இத்தனையும் இருந்தும் பண்ணைக்காரர் தொட்டிக்கு அடியில் மண்டி போட்டு ஒரு பையை மாட்டிக்கொண்டிருக்கிறார். பொத்தானை அழுத்துகிறார். பைக்குள் சரசரவென்று விதை விழுகிறது. கழற்றி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார். துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். பையில் இருந்ததைத் திரும்பத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு மறுபடியும் மாட்டுகிறார். பார்த்தால் மளிகைக் கடையில் பருப்பு நிறுப்பவர் போலத்தான் இருக்கிறது. பையில் இருப்பதும் பருப்புதான். தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு.

மண் பதமாக இருக்கிறது. வானம் வெளுத்திருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் விதைப்பு தொடங்கிவிட்டது. அந்த ஊரில் உறைபனி விழாத நாள்கள் ஆண்டுக்கு 100 முதல் 120 வரைதான். ஒரு பகல் வீணானாலும் அறுவடையில் தெரியும். அப்படியிருக்க, காலையிலிருந்து இந்த மனிதர் ஏன் பையும் தராசுமாகப் போராடுகிறார்?

அந்தப் பெரிய இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது. அதுதான் காரணம்.

குழம்புக்கு வரும் வயல்

சஸ்காச்சுவான் நமக்கு அறவே அந்நியமான ஊர் அல்ல. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. மக்களோ சுமார் 12 லட்சம் பேர். உலகில் மைசூர்ப் பருப்பை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பகுதி விளைவது இந்த ஒரு மாகாணத்தில். இலங்கையில் தினமும் கொதிக்கும் பருப்புக் கறியில் கனடாப் பருப்பு நிறைய உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்கு மாற்றாகக் ‘கனடா மஞ்சள் பருப்பு’ போட்டது பலருக்கு நினைவிருக்கும்.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே பருப்புப் பயிர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை; கண்ணுக்கெட்டிய வரை கோதுமைதான். 1970-களில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் பயிர் ஆய்வாளர் ஆல் ஸ்லிங்கார்டு இந்தப் பயிரைக் கையில் எடுத்தார். 1978-ல் ‘லேர்டு’ என்ற ரகத்தை வெளியிட்டார். தண்ணீர் குறைவாகக் கேட்கும், வேர் முடிச்சுகளில் தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிர். கோதுமைக்கு நல்ல மாற்றாக அமைந்தது, சட்டென்று பரவியது.

பயிர் புதிது என்றாலும் விதைப்பதற்குத் தனி இயந்திரம் தேவைப்படவில்லை. கோதுமைக்கும் கடுகு இனத்துக்கும் பட்டாணிக்கும் பருப்புக்கும் ஒரே இயந்திரம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஏர் சீடர்’. தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் ஒரு வேடிக்கை. பெயரிலேயே ஏர் இருக்கிறது. ஆனால் அது உழுகிற ஏர் இல்லை, காற்று. இன்னும் சொன்னால், இந்த ஏர் வந்த வயல்களில் பெரும்பாலும் உழவே மாட்டார்கள். 1930-களின் வறட்சியில், உழுது உழுது பொடியாக்கிய மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்து போனதை அந்தச் சமவெளி மறக்கவில்லை. அதனால் போன ஆண்டின் தாளை அப்படியே விட்டு, ஒடுக்கமான ஒரு கீறல் மட்டும் போட்டு, அதற்குள் விதையைச் செருகிவிட்டுப் போகும் முறை நிலைத்தது. அதற்குத் தோதான கருவி இது.

ஊதி விதைப்பது

நம் ஊர் டிராக்டர் விதைப்புக் கருவியில் கொழுக்களுக்கு மேலே விதைப் பெட்டி இருக்கும். விதை தன் எடையால் நேரே கீழே விழும். 18 மீட்டர் அகலத்துக்கு இது சரிப்படாது. அறுபது எழுபது கொழுக்களுக்கு நீளப் பெட்டி வைத்து, அதை நிரப்பிக்கொண்டு, மடக்கி எடுத்துக்கொண்டு சாலையில் போக முடியாது. மாற்று வழியைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஃபஸ் என்ற விவசாயி. 1956-ல் அவர் செய்த கருவியில் விதை முழுவதும் ஒரே தொட்டியில் இருந்தது. அங்கிருந்து கொழுக்களுக்குக் காற்று அதை ஊதிக்கொண்டு போனது.

இன்றைய இயந்திரமும் அதே வழிதான். தொட்டியின் அடியில் பள்ளங்கள் வெட்டிய ஓர் உருளை சுழலும். ஒவ்வொரு பள்ளத்திலும் விதை நிரம்பும். உருளை திரும்பும்போது கீழே கொட்டும். கீழே விசிறி தள்ளும் காற்று, நொடிக்கு 20, 25 மீட்டர் வேகத்தில் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு என்று சொன்னால் 70 முதல் 90 கிலோமீட்டர். புயல் எச்சரிக்கை விடும் வேகம். விதை அதில் ஏறிக்கொண்டு போய், கோபுரம் போன்ற ஒரு குழாயில் மேலே எழும்பி, உச்சியில் உள்ள மூடியில் மோதி, சுற்றிலும் உள்ள சிறு குழாய்களுக்குள் பிரிந்து, கொழுவின் பின்னால் மண்ணில் விழும்.

வண்டியில் ஒரு தொட்டி மட்டும் இருக்காது. மூன்று நான்கு அறைகள் இருக்கும். ஒன்றில் விதை, ஒன்றில் மணிச்சத்து உரம், ஒன்றில் வேர் முடிச்சுக்கான ரைசோபியம் நுண்ணுயிர் குருணை. ஒவ்வொரு தொட்டிக்கும் தனி உருளை. ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாக அளவு திருத்த வேண்டும். ‘கேலிபரேஷன்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

இனிமேல்தான் சிக்கல். பயிருக்குத் தேவை எண்ணிக்கை: ஒரு சதுர மீட்டரில் இத்தனை செடி என்று. பண்ணைக்காரர் விதை வாங்குவது எடையில். உருளைக்குத் தெரிந்ததோ கொள்ளளவு மட்டும்; தன் பள்ளத்தில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு. விதை போய்ச் சேரவேண்டிய நிலமோ நீளமும் அகலமும்.

பழைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அளவைகளை நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். எண்ணிச் சொல்வது, நிறுத்துச் சொல்வது, படியால் முகந்து சொல்வது, கோலால் அளந்து சொல்வது. நான்கும் நான்கு பாஷை. வெற்றிலையை எண்ணலாம், புளியை நிறுக்கலாம், நெல்லை முகக்கலாம், துணியை நீட்டலாம். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. தொட்டிக்கு அடியில் மண்டியிட்டிருக்கும் மனிதர் இந்த நான்குக்கும் நடுவே துபாஷி வேலை பார்க்கிறார். நான்கில் எது தவறினாலும் வயல் தவறிவிடும்.

எண்ணல்

முதல் வேலை சமையலறை மேசையிலேயே முடிந்துவிடும். விதை மூட்டையின் நாலைந்து இடங்களிலிருந்து கைப்பிடி எடுத்து, கலந்து, 1,000 விதைகளை எண்ணி நிறுக்கிறார்கள். சிலர் 250 விதைகளாக நான்கு தடவை எண்ணுவார்கள். இதற்கு ‘ஆயிரம் விதை எடை’ என்று பெயர். எண்ணலையும் எடுத்தலையும் இணைக்கும் பாலம் இதுதான்.

மைசூர்ப் பருப்பில் சிறிய சிவப்பு ரகத்தின் ஆயிரம் விதை ஏறத்தாழ 40 கிராம். பெரிய பச்சை ரகம் 65 கிராம் வரை போகும். அங்கே பரிந்துரைக்கப்படும் பயிர் அடர்த்தி இரண்டுக்கும் ஒன்றுதான்: சதுர மீட்டருக்கு 130 செடி. விதைத்ததெல்லாம் முளைத்துவிடாது. பூஞ்சை, பூச்சி, ஆழம் தவறுவது எல்லாம் போக 100-க்கு 80 செடி தேறும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: வேண்டிய செடிகளை ஆயிரம் விதை எடையால் பெருக்கி, தேறும் விகிதத்தால் வகுத்து, 100-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.

சிறிய ரகத்துக்கு 130-ஐ 40-ஆல் பெருக்கி, 0.8-ஆல் வகுத்து, 100-ஆல் வகுத்தால் 65 கிலோ. பெரிய ரகத்துக்கு அதே கணக்கு 106 கிலோ காட்டும். இரண்டும் மைசூர்ப் பருப்பு, இரண்டும் அதே 130 செடி. எடையில் மட்டும் 41 கிலோ வித்தியாசம். ‘போன வருஷம் எவ்வளவு போட்டோமோ அவ்வளவே போடு’ என்று சொல்ல முடியாததற்கு இதுவே போதும். ஒரே ரகம்கூட மழை நன்றாகப் பெய்த ஆண்டில் திரண்டும், வறண்ட ஆண்டில் மெலிந்தும் வரும்.

முகத்தல்

அடுத்தது உருளை. அதன் ஒவ்வொரு பள்ளமும் ஒரு குட்டி ஆழாக்கு. இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் 1701-ல் செய்த விதைப்புக் கருவியிலும் பள்ளம் வெட்டிய உருளைதான் விதையை அளந்து கொட்டியது. தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன் இசைக்கருவியின் உள்ளமைப்பைப் பார்த்து அந்த யோசனை வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 300 ஆண்டுகளில் மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. சக்கரமே உருளையைச் சுற்றியது போய் மின் மோட்டார் வந்தது. ஆழாக்கு அப்படியேதான் இருக்கிறது.

படியால் அளந்து வாங்கிய காலத்தவர்களுக்கு முகத்தலின் தில்லுமுல்லு தெரியும். அரிசியை மெல்லச் சரித்து நிரப்பினால் ஒரு படி. தட்டித் தட்டி நிரப்பினால் அதே படியில் இன்னொரு கைப்பிடி கொள்ளும். கடைக்காரர் எப்படி நிரப்புகிறார் என்பதைப் பாட்டிமார் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பண்டம் மாறாமல், பாத்திரம் மாறாமல், எடை மட்டும் மாறும். மணிகளுக்கு இடையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் விஷயம்.

உருளையின் பள்ளமும் அப்படித்தான். விதை சிறியதா பெரியதா, வழவழப்பா சொரசொரப்பா, விதைநேர்த்தி மருந்து பூசியதா, பூசிய மருந்து காய்ந்ததா பிசுபிசுக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்துப் பள்ளம் நிறையும் விதம் மாறும். தயாரிப்பாளர் கொடுக்கும் கையேட்டு அட்டவணை உத்தேசத்துக்குத்தான். அதில் இருக்கும் விதை வேறு. உங்கள் தொட்டியில் இருக்கும் விதை வேறு.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். தொட்டி நிறைய இருக்கும்போது கீழே அழுத்தம் அதிகம், தீரும்போது குறைவு. அப்படியானால் பள்ளம் நிறைவதும் மாறிக்கொண்டே இருக்குமே? தண்ணீராக இருந்தால் அப்படித்தான். மேல்தொட்டி குறையக் குறையக் குழாயில் வரும் தண்ணீரும் மெலியும். தானியம் வேறு சாதி. 1895-ல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்து இதை விளக்கினார். மணிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து வளைவுகளாகக் கட்டிக்கொள்கின்றன. அந்த வளைவுகள் மேலே உள்ள பாரத்தைப் பக்கச் சுவர் மேல் ஏற்றிவிடுகின்றன. ஓரளவு ஆழத்துக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அடி அழுத்தம் கூடுவதில்லை. மணல் கடிகாரத்திலும் மணல் ஏறத்தாழக் கடைசி வரை ஒரே சீராக விழுகிறது. உருளை முழுக்க மூடும்படி விதை இருந்தால் போதும், தொட்டி முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் பள்ளம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிறையும். இயற்கை கொடுத்த இந்தச் சலுகை இல்லாவிட்டால் கேலிபரேஷன் என்ற காரியமே சாத்தியமில்லை.

அதே வளைவு எதிரியாகவும் மாறும். ஈரம் ஏறிய உரமோ குருணையோ தொட்டிக்கு அடியில் கெட்டியான ஒரு பாலம் கட்டிக்கொள்ளும். மேலே தொட்டி நிறைய இருக்கும். கீழே உருளை வெறுமனே சுற்றும்.

சுழலும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மிக மெதுவாகச் சுற்றினால் பள்ளம் பள்ளமாகக் கொட்டும். வரிசையில் ஒரு கொத்து விதை, பிறகு ஒரு சந்து, மறுபடி ஒரு கொத்து என்று விழும். மிக வேகமாகச் சுற்றினால் பள்ளம் நிறைவதற்குள் உருளை திரும்பிவிடும், ஆழாக்கு முக்காலாகிவிடும். அதனால்தான் கடுகுக்கு ஓர் உருளை, பட்டாணிக்கு ஓர் உருளை என்று மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள்.

எடுத்தல்

இப்போது பையும் தராசும். நம் கணக்கில் உருளை ஒரு சுற்றுக்கு அரைக் கிலோ சிறிய பருப்பைக் கொட்டும் என்று டிராக்டரின் திரை நம்பிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையில் 12,500 விதை. இது மெய்தானா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சில சுற்றுகளை வீணாகச் சுற்றிவிடுவார்கள். காலிப் பள்ளங்கள் நிறைந்து, உருளை நிஜமாக வயலில் இருப்பதுபோல் ஆக வேண்டும். அந்த விதையைக் கணக்கில் சேர்க்காமல் தொட்டியிலேயே போட்டுவிடுவார்கள். பிறகு பையை மாட்டி 20 சுற்று. 10 கிலோ வரவேண்டும். தராசு 9.4 கிலோ காட்டுகிறது. ஆகச் சுற்றுக்கு அரைக் கிலோ இல்லை, 470 கிராம்தான். அந்த எண்ணைத் திரையில் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று தடவை ஒன்று போல வந்தால்தான் நம்பலாம். ஒரு தடவை 9.4, அடுத்த தடவை 9.9 என்று தாவினால் கோளாறு எண்ணில் இல்லை. உருளையில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது விதை சரியாக இறங்கவில்லை.

திருத்தாமல் விட்டிருந்தால்? ஹெக்டேருக்கு 65 கிலோவுக்குப் பதில் 61 கிலோ விழுந்திருக்கும். 130 செடிக்குப் பதில் 122. இது தாங்கக்கூடிய நஷ்டம் போலத்தான் தெரியும். ஆனால் மைசூர்ப் பருப்புச் செடி குட்டையானது. களையோடு போட்டி போடத் தெரியாத பயிர். இடைவெளி விட்டால் களை முந்திக்கொள்ளும். அதோடு இது ஒரு பக்கப் பிழைதான். மற்ற மூன்று அளவைகளும் தத்தம் பங்குக்கு ஆளுக்கொரு பிழையைச் சேர்த்தால் கூட்டுத்தொகை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

தராசிலும் கண்ணி உண்டு. நம் உதாரணத்தில் பையின் எடை 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்க மறந்துவிட்டால் தராசு என்ன காட்டும்? 9.4-ம் 0.6-ம் சேர்ந்து மிகச் சரியாக 10 கிலோ. எதிர்பார்த்த விடையே வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் கிளப்பாத பிழைதான் வயல் வரை போய்ச் சேரும். அதனால் அனுபவசாலிகள் தராசையே முதலில் சோதிப்பார்கள். எடை தெரிந்த ஒரு பொருளைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே பையைத் தொடுவார்கள்.

நீட்டல்

உருளை ஒரு சுற்றுக்கு எவ்வளவு கொட்டும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரத்துக்கு ஒரு சுற்று என்பது பாக்கி. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 18 மீட்டர் அகல இயந்திரம் 556 மீட்டர் போனால் ஒரு ஹெக்டேர் முடிந்தது. அந்தத் தூரத்துக்குள் 65 கிலோ கொட்ட வேண்டும். சுற்றுக்கு 470 கிராம் என்றால் 138 சுற்று. அதாவது நான்கு மீட்டருக்கு ஒரு சுற்று.

பழைய இயந்திரங்களில் வண்டியின் சக்கரமே சங்கிலி வழியாக உருளையைச் சுற்றும். சக்கரம் நின்றால் உருளையும் நிற்கும்; அழகான ஏற்பாடு. ஆனால் கெட்டியான முற்றத்தில் உருளும் சக்கரமும் பொலபொலவென்ற வயலில் அமிழ்ந்து உருளும் சக்கரமும் ஒரு சுற்றுக்கு ஒரே தூரம் போவதில்லை. டயரில் காற்று குறைந்தாலும் கணக்கு மாறும். புதிய இயந்திரங்களில் செயற்கைக்கோள் வேகத்தைச் சொல்ல, மின் மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. அங்கேயும் இயந்திரத்தின் அகலத்தைத் திரையில் சரியாகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும்.

அகலத்தைவிடப் பெரிய கண்ணி அலகு. கனடா 1970-களில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் பண்ணைகளில் பேச்சு இன்னும் ஏக்கரும் பவுண்டும் புஷலும்தான். ஏக்கருக்கு ஒரு பவுண்டு என்பது ஹெக்டேருக்கு 1.12 கிலோ. இரண்டு எண்களும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதுதான் ஆபத்து. 65 என்ற எண்ணைக் கிலோ என்று நினைத்துப் பவுண்டில் பதிந்தால் விழுவது 73 கிலோ. பத்து மடங்கு தவறினால் அரை மணியில் தெரிந்துவிடும். 12 சதவீதம் தவறினால் அன்று மாலை வரை தெரியாது.

அந்தச் சமவெளிக்கு இது கதையாகச் சொல்லும் விஷயம் அல்ல. 1983 ஜூலையில் ஒரு கனடா பயணிகள் விமானத்தில் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்ட இடத்தில், கணக்குக் குழப்பத்தால் 22,300 பவுண்டுதான் இருந்தது, பாதிக்கும் குறைவு. விமானி அதைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, சஸ்காச்சுவானுக்கு அடுத்த மனிட்டோபா மாகாணத்தின் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதன் பிறகும் கிலோவும் பவுண்டும் ஒரே முற்றத்தில்தான் குடியிருக்கின்றன.

மற்ற தொட்டிகள்

விதைத் தொட்டி முடிந்தால் உரத் தொட்டி. இங்கே பிழை வேறு மாதிரி கடிக்கும். விதை சற்றுக் கூடுதலாக விழுந்தால் பணம் போகும்; விதைக்கு அருகில் உரம் கூடுதலாக விழுந்தால் பயிரே போகும். உரம் என்பது உப்பு. ஈரத்தில் கரைந்து, முளைக்கும் விதையிடமிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கோதுமை ஓரளவு தாங்கும். பருப்பு வகைகள் தாங்குவதில்லை. அதனால் கணிசமான உரத்தை விதையிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் இன்னொரு கீறலில் போடும் கொழுக்கள் வந்தன. அப்போதும் எவ்வளவு என்ற கேள்வி போகவில்லை.

உரத்தின் குணம் நேரத்துக்கு நேரம் மாறும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் குருணை நசநசக்கத் தொடங்கும். கோதுமைக்கு யூரியா போடுகிறவர்கள் மத்தியான வெயிலில் திருத்திய அளவைப் பனி இறங்கிய ராத்திரியில் அப்படியே நம்புவதில்லை. தொட்டியில் புது லோடு கொட்டினாலும் மறுபடி சோதிப்பார்கள். ஆலை மாறினால் குருணையின் பருமனும் மாறும்.

மூன்றாவது தொட்டி ரைசோபியம். இது ஹெக்டேருக்கு நாலைந்து கிலோ மட்டுமே விழவேண்டியது. அளவு குறையக் குறையத் திருத்தம் கடினமாகும். 20 சுற்றில் விழுவது கையளவு என்றால் தராசின் சின்னத் தடுமாற்றமும் பெரிய சதவீதம். அதனால் இதற்கு நீண்ட நேரம் ஓட்டி, நிறைய சேர்த்து, நுணுக்கமான தராசில் நிறுக்கிறார்கள். இது போதாமல் போனால் வேர் முடிச்சு கட்டாது. தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிர் என்ற பெருமையும் போய்விடும்.

காற்று செய்யும் குறும்பு

முற்றத்தில் திருத்துவதற்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான இயந்திரங்களில் அப்போது விசிறி ஓடாது, வயலில் ஓடும். குழாய்க்குள் காற்றழுத்தம் இருப்பதால் தொட்டிக்குள்ளும் அதே அளவு அழுத்தம் கொடுத்து மூடி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் விதை தன் எடையால் கீழே விழும். தொட்டி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போச்சு. மேலே காற்று கசியும். அதை ஈடுகட்டக் கீழிருந்து காற்று உருளை வழியாக மேலே ஏறும். விழவேண்டிய விதையைத் தாங்கிப் பிடிக்கும். காலையில் அவ்வளவு சிரத்தையாக நிறுத்துப் பார்த்த எண் அப்படியே இருக்கும். மண்ணுக்குப் போவதோ குறைவாக இருக்கும். சாதாரண ஒரு ரப்பர் வளையம் இயந்திரம் முழுவதையும் பொய் சொல்ல வைத்துவிடும்.

விசிறியின் வேகமும் அப்படியே. குறைந்தால் விதை குழாயில் படுத்து அடைத்துக்கொள்ளும். கூடினால் கோபுரத்தின் உச்சியில் மோதி உடையும். மண்ணில் விழுந்த வேகத்தில் கீறலை விட்டுத் துள்ளி வெளியே போகும். மைசூர்ப் பருப்பு தட்டையானது, காய்ந்தால் நொறுங்கக்கூடியது. இரண்டு பருப்பாகப் பிளந்த விதை குழம்புக்கு ஆகும், வயலுக்கு ஆகாது. ஆகவே கொழுவின் முனையில் ஒரு பையைப் பிடித்து, ஊதி வந்த விதையில் எத்தனை உடைந்திருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். நாலைந்து கொழுக்களில் பிடித்து ஒப்பிட்டால், கோபுரம் எல்லாக் குழாய்க்கும் சமமாகப் பங்கு வைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மொத்தம் சரியாக இருந்து பங்கீடு தவறினால், ஒரு வரிசை நெருக்கமாகவும் அடுத்த வரிசை வழுக்கையாகவும் வளரும்.

திரும்பவும் எண்ணல்

மத்தியானத்துக்கு மேல் இயந்திரம் வயலில் இறங்குகிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 14 ஹெக்டேருக்கு மேல், நம் கணக்கில் 35 ஏக்கர். பிழை இருந்தால் அதுவும் அதே வேகத்தில் பரவும். அதனால் முதல் சில ஹெக்டேர் முடிந்ததும் நிறுத்தி, தொட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார். புதிய வண்டிகளில் தொட்டிக்கு அடியிலேயே எடை உணரிகள் இருக்கின்றன. இல்லாதவர்களுக்குப் பழைய வழி: 10 டன் விதை கொட்டினால் 154 ஹெக்டேரில் தீர வேண்டும். 140-லேயே தீர்ந்தாலும் 170 வரை வந்தாலும் எங்கோ ஒரு துபாஷி தப்பாக மொழிபெயர்த்திருக்கிறான்.

400 ஹெக்டேர் விதைத்து முடித்தால் மண்ணுக்குள் போயிருக்கும் விதை 65 கோடி. அதில் ஒன்றைக்கூட இயந்திரம் எண்ணவில்லை. அது தன் ஆழாக்குகளை நிரப்பிக் கொட்டிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து, ஜூன் மாத வெயிலில், அந்த மனிதர் மறுபடியும் மண்டி போடுகிறார். இந்தத் தடவை வயலில். கையில் தராசு இல்லை. அரை மீட்டருக்கு அரை மீட்டர் கம்பிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைத் தாளுக்கு நடுவே தரையில் வைத்து, உள்ளே இருக்கும் இளஞ்செடிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுகிறார். கால் சதுர மீட்டர். 32 அல்லது 33 இருக்க வேண்டும். இன்னோர் இடத்தில் வைத்து எண்ணுகிறார். பிறகு இன்னோர் இடம்.

இந்த வேலையை அவர் 500 குதிரைத் திறனிடம் ஒப்படைப்பதில்லை.